மெல்ல மெல்லக் கரையும்

மாத்திரையைக் கடித்துத் தின்னலாமா, முழுசாக விழுங்க வேண்டுமா என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது என்னிடம் கேட்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன். கடையில் இருப்பது ஒரே நாற்காலி, அதில் முதலாளி உட்கார்ந்திருப்பார். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் போய், வீட்டில் இஷ்டத்துக்கு உடைத்துத் தின்றுவிட்டு, 'நீங்க கொடுத்தது ஒத்துக்கலைங்க' என்று திரும்பி வந்து நிற்பவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். எனக்கு மூக்கின்மேல் கோபம். வாயும் கொஞ்சம் நீளம். முதலாளியே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார்.

சில மாத்திரைகள் பார்க்கச் சின்னதாக இருக்கும். உள்ளே ஒரு நாள் முழுவதற்கான மருந்து அடைத்திருக்கும். வயிற்றுக்குள் போய்ச் சொட்டுச் சொட்டாக இறங்குகிற மாதிரி செய்து வைத்திருப்பார்கள். அதைக் கடித்துவிட்டால் போச்சு. இருபத்துநாலு மணி நேரத்து மருந்தும் ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும். அதற்காகவே சொந்தக் காசில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறேன். 'கடிக்காமல், உடைக்காமல் முழுதாக விழுங்கவும்.' சிவப்பு மையில் குத்தினால் கண் தெரியாதவருக்கும் தெரியும். மற்ற கடைகளில் கவரின்மேல் ஒன்று, சைபர், ஒன்று என்று கோழி கிளறின மாதிரி கிறுக்கிக் கொடுப்பார்கள். நான் முழு வாக்கியமாக, அச்சடித்த மாதிரி எழுதிக் கொடுப்பேன். என் எழுத்தைப் பார்த்தாலே பாதி நோய் போய்விட்டது என்று சொன்னவர்கள் உண்டு. அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

இவ்வளவு பீடிகை எதற்கு என்றால், என் அப்பா ஒரு மாத்திரையால் செத்தார். தினமும் அதை எடுத்துக் கொடுத்தது என் தம்பியின் மனைவி. அவள்தான் கொன்றாள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் முன்னால் சொன்னது நான். மருந்து தெரிந்தவள் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? தம்பியும் மறுக்கவில்லை. அதற்கப்புறம் அவன் அவளோடு பேசவில்லை.

அப்பா நாற்பது வருஷம் லிஃப்ட் ஆபரேட்டர். பதினொரு மாடிக் கட்டடம், ஒரு முக்காலி, ஒரு பித்தளைக் கைப்பிடி. 'எத்தனையோ பேரை மேலே அனுப்பியிருக்கேன், ஒருத்தர்கூட சாகலை' என்பது அவருடைய ஓயாத ஜோக். வேலை முடிந்தபின் தம்பி வீட்டோடு இருந்தார். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தார், அது எனக்கு இப்போது ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

பல்லெல்லாம் கொட்டி, மேலும் கீழும் பல்செட்டு கட்டியாயிற்று. அதை அவர் மாட்டிக்கொண்டு நான் பார்த்தது மொத்தம் நாலு தடவை இருக்கும், நாலும் போட்டோ எடுத்த அன்று. மற்ற நாளெல்லாம் அது ஜன்னலோரம் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டு கிடக்கும். ரொட்டியைப் பாலில் நனைத்து, சாதத்தைக் குழைத்து, ஈறாலேயே ஒப்பேற்றிவிடுவார். ஏன்ப்பா போட்டுக்கொள்ளக் கூடாது என்று கேட்டால், "வாய்க்குள்ள வேற ஆளைக் குடி வெச்ச மாதிரி இருக்கும்மா" என்பார். கண்ணிலும் புரை. எழுதியிருப்பதை மருமகள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

மருமகள் ஆடைக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறாள். தைத்து வருகிற சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று எண்ணி, பிசிறு நூல் தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அப்பா அவளுக்கு 'செக்கிங்' என்றே பேர் வைத்துவிட்டார். சாயங்காலம் அவள் கதவைத் திறந்ததும், "செக்கிங் வந்தாச்சா? கை ரெண்டு, கால் ரெண்டு, எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கம்மா" என்பார். அவள் நிஜமாகவே ஒரு தடவை பார்த்துவிட்டு, "பாஸ் மாமா" என்பாள். அந்த வீட்டில் தினமும் நடந்த ஒரே கூத்து அதுதான். அவளுக்கு எதையும் எண்ணித்தான் ஆகவேண்டும். மாடிப்படி ஐம்பத்துநாலு என்று அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதிகம் பேசமாட்டாள். வாயில்லாப் பூச்சிகளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல், அதை மறைக்கவும் மாட்டேன்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பல வருஷமாக உண்டு. மூன்று வேளை மாத்திரை. டாக்டர் அதை நிறுத்திவிட்டு, காலையில் ஒன்று போட்டால் போதும் என்று புது மாத்திரை எழுதினார். அன்று மதியம் அப்பா கடைக்குப் போன் செய்தார்.

"ஏம்மா டாக்டரம்மா, மூணு வேளையை ஒரு வேளை ஆக்கிட்டாங்களே. ஒண்ணே ஒண்ணு போட்டா நாள் முழுக்க எப்படித் தாங்கும்?"

"எழுதி அனுப்புறேம்ப்பா. கடையில கூட்டம் அலைமோதுது."

"மறக்காம எழுது. செக்கிங்கைப் படிக்கச் சொல்றேன்."

கூட்டத்துக்கு நடுவில் அந்த மாத்திரைக் கவரை எடுத்துவைத்து, மற்றவர்களை ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டு, நிதானமாக எழுதினேன். 'மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை. நாள் முழுக்க வேலை செய்யும். காலை ஒன்று.' அவர் கேட்ட கேள்விக்குப் பதில். கைப் பழக்கத்தில் சிவப்பு ஸ்டாம்பை எடுத்துவிட்டேன். பெற்ற அப்பாவுக்கு ரப்பர் ஸ்டாம்பா என்று தோன்றியது. திரும்ப வைத்துவிட்டேன். கூடவே நெஞ்செரிச்சலுக்கு இன்னொரு மாத்திரை இருந்தது. வாயிலேயே கரைகிற சுண்ணாம்புக்கட்டி மாதிரி சமாச்சாரம், ஈறுக்கே பொடிந்துவிடும். அந்தக் கவரில் 'மென்று சாப்பிடவும். சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதினேன். இரண்டையும் ஒரே பையில் போட்டு, வேலை முடிந்து வந்த தம்பியிடம் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் அப்பா போன் செய்தார். காலையில் தலை கிர்ரென்று சுற்றுகிறது, முகமெல்லாம் சூடாகிறது என்றார்.

"புது மாத்திரைப்பா. உடம்பு பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். எழுதினபடிதானே போடுறீங்க?"

"எழுத்துக்கு எழுத்து. செக்கிங் விடுமா?"

"அப்ப ஒண்ணும் ஆகாது."

ஏழாம் நாள் மறுபடி சொன்னார். நானும் மறுபடி அதையே சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பதில். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டு, "இன்னிக்கு உடம்பு லேசா இருக்கும்மா. கீழே இறங்கி ரோடு வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்றார். குரலில் அவ்வளவு தெம்பு. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, பழகிடுச்சு" என்றேன். ஜெயித்துவிட்ட மாதிரி சொன்னேன்.

பதினாறாம் நாள் காலை எட்டே முக்காலுக்குக் குளியலறையில் விழுந்தார். வாய் கொப்பளிக்கப் போனவர், வாஷ்பேசின் விளிம்பில் பின்மண்டை மோதி, அப்படியே சரிந்திருக்கிறார்.

எங்கள் கடைக்கு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ரோட்டைக் கடந்து, வெள்ளைக் கோட்டோடு ஓடினேன். அவசரப் பிரிவு டாக்டர் சின்ன வயசுக்காரர்.

"பிரஷர் அதலபாதாளத்துல இருக்கு. அதுலதான் மயக்கம் வந்து விழுந்திருக்கார். மாத்திரையை உடைச்சோ பொடி பண்ணியோ கொடுத்தீங்களா? இல்ல, ஒரே நாள்ல ரெண்டு கொடுத்துட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர்" என்றாள் செக்கிங். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "எழுதியிருந்தபடிதான் கொடுத்தேன்."

டாக்டர் உள்ளே போய்விட்டார். நான் விடவில்லை.

"பதினாறு நாளும் ஒழுங்காக் கொடுத்தியா? என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

அவள் பார்க்கவில்லை. வார்த்தையை மென்று முழுங்கினாள். "ஒரே ஒரு நாள்தான் அண்ணி… நான் கவனிக்கலை…"

"ஒரு நாளா?"

"வேலைக்கு நேரமாயிடுச்சு… அதனால…"

அதற்குமேல் அவளைப் பேசவிட்டால்தானே. கவனிக்காமல் ஒரே நாளில் இரண்டு மாத்திரையைக் கொடுத்துத் தொலைத்திருக்கிறாள், அதை மூடி மறைத்திருக்கிறாள் என்று என் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். எழுதித்தானே கொடுத்தேன், படிக்கத் தெரியாதா, சட்டையில் நூல் பிசிறு தெரிகிற கண்ணுக்கு ஒரு மனுஷன் தெரியவில்லையா என்று கேட்டேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். குற்றம் உள்ள நெஞ்சு, அதுதான் பேசமுடியவில்லை என்று நினைத்தேன். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "டோஸை மாத்திக் கொடுத்திருக்கா உன் பொண்டாட்டி" என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார். வராந்தாவில் அவளைப் பார்த்ததும் எனக்கு வெறி வந்துவிட்டது. "கொன்னுட்டியேடி எங்க அப்பாவை" என்று கத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர்களின் சொந்தக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரோடு ஒட்டி நின்று, "ஆமா அண்ணி" என்றாள். "என் தப்புதான்."

அவளே ஒப்புக்கொண்டபின் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். உள்ளே அப்பாவின் பல்செட்டு. "அட்மிட் பண்றப்ப வாயில இருந்துச்சு, கழட்டி வெச்சோம்" என்றாள். காலை எட்டே முக்காலுக்கு, வீட்டுக்குள், போட்டோ எடுக்க யாரும் வராத ஒரு நாளில், இந்த மனுஷன் எதற்குப் பல்லை மாட்டினார் என்று ஒரு கணம் தோன்றியது. அழுகையில் அதை அப்படியே விட்டுவிட்டேன். கவரைக் கைப்பைக்குள் போட்டேன். அது ஒரு மாசம் அங்கேயேதான் கிடந்தது. பஸ்ஸுக்குச் சில்லறை தேடும்போதெல்லாம் விரலில் இடறும்.

தம்பி வீட்டில் அந்த ஒரு மாசம் எப்படிப் போனது என்று எனக்கு அவ்வப்போது போனில் தெரியும். அவன் முன்னறையில் படுக்கிறான். அவள் சமைத்து மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். அவன் வெளியில் சாப்பிடுகிறான். ராத்திரி அந்தச் சாப்பாட்டை அவள் குப்பையில் கொட்டுகிறாள். ஒரு வெள்ளிக்கிழமை அவன் கடைக்குப் போன் செய்தான்.

"அக்கா, அவளை அவங்க அம்மா வீட்டுக்கே அனுப்பிடலாம்னு இருக்கேன். முகத்தைப் பாக்கவே முடியலை. ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லியிருக்கேன். நீ என்ன சொல்றே?"

நான் ஒரு வார்த்தை வேண்டாம் என்றிருந்தால் நிறுத்தியிருப்பான். சின்ன வயசிலிருந்தே என் பேச்சுதான் அவனுக்கு வேதவாக்கு.

"உன் இஷ்டம்" என்றேன். சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவரிடம் சீட்டை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனேன். அப்பாவின் சாமான்களைப் பிரித்துவைக்க வேண்டும் என்பது சாக்கு. அவள் கிளம்புவதைப் பார்க்கத்தான் போனேன் என்றால் என்னை என்ன சொல்வீர்கள்? ஆனால் அதற்கும் போனேன்தான். வாசலருகே ஒரு பெட்டி, ஒரு கைப்பை. தம்பி பால்கனியில் முதுகைக் காட்டி நின்றிருந்தான். வண்டி பன்னிரண்டுக்கு வருமாம். அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போகிற வீட்டை எதற்கு இப்படித் தேய்க்கிறாள் என்று இருந்தது.

அப்பாவின் அறையில் ஜன்னலோரம் அந்த டம்ளர் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய செருப்பு டப்பா. அதுதான் அவருடைய மருந்துப் பெட்டி. திறந்தேன். எல்லாம் அடுக்கடுக்காக, கவர் கவராக, செக்கிங் கை பட்ட ஒழுங்கு. புது மாத்திரையின் பட்டைகளை வெளியில் எடுத்தேன். என் தொழில் புத்தி, கையில் பட்டை வந்தால் எண்ணாமல் இருக்காது.

முப்பது கொடுத்தனுப்பினேன். ஒரு பட்டை காலி. ஒன்றில் ஆறு போய் நாலு மிச்சம். ஒன்று முழுசு. பதினாலு. ஆக, போனது பதினாறு நாளுக்குப் பதினாறு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மறுபடி எண்ணினேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கொடுத்த நாள் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு மாசமாக நான் ஊரெல்லாம் சொல்லிவந்த கதை அந்தப் பட்டையில் பொய்யாகிக் கிடந்தது.

"இங்க வா" என்றேன். இன்னொரு தடவை கூப்பிட்டபின்தான் வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி கதவருகே நின்றாள்.

"ஒரே ஒரு நாள்னு சொன்னியே. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"திட்டமாட்டேன். சொல்லு."

"பன்னெண்டாவது நாள் அண்ணி. கம்பெனி பஸ் சீக்கிரம் வந்துடுச்சு. மாத்திரையை மாமா கையில கொடுத்துட்டு நான் செருப்பு மாட்டிக்கிட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா…" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "மாமா மெல்லாம அப்படியே முழுங்கிட்டார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன?"

"முழுசா முழுங்கிட்டார் அண்ணி. தண்ணி குடிச்சு முழுங்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறார். 'இன்னிக்கு ஒரு நாள் லீவு கொடும்மா, வாயெல்லாம் கசக்குது'ன்னார். பஸ் ஹாரன் அடிச்சுட்டே இருந்தான், நானும் ஓடிட்டேன். மத்த நாளெல்லாம் நான் எதிர்ல நின்னு எண்ணுவேன். முப்பத்திரண்டு தடவை மெல்லணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்திருக்காங்க, அந்தக் கணக்குல. ஈறால முடியலைன்னு பல்செட்டு போட வெச்சேன். மாமாவுக்கு அது பிடிக்காதுதான். ஆனா மாத்திரைக்காகப் போட்டுக்குவார். 'என் பொண்ணு எழுதியிருக்கா, மென்னுதான் ஆகணும்'னு சொல்லிட்டு மெல்லுவார். கசப்பு தாங்காம உடனே கொப்பளிக்கப் போவார். அந்த ஒரு நாள் நான் விட்டுட்டேன். கரையாத மாத்திரை உள்ளயே தங்கி, அதுதான் நாலு நாள் கழிச்சு… என் தப்புதான் அண்ணி. நீங்க கேட்டப்பவே முழுசாச் சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

டப்பாவுக்குள் கையை விட்டேன். கவர் அடியில் இருந்தது. என் எழுத்து. அச்சடித்த மாதிரி, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை.

அதை நான் எழுதினபோது என் காதில் ஒரே ஒரு அர்த்தம்தான் கேட்டது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது அவள் கண்ணால் படித்தேன். பக்கத்திலேயே இன்னொரு கவர், 'மென்று சாப்பிடவும்'. அதைப் படித்த கையோடு இதைப் படித்தால்? மெல்ல மெல்லக் கரையும். மென்றுகொண்டே இருந்தால் கரையும். நன்றாக மெல்லு, அப்போதுதான் கரையும். எத்தனை தடவை படித்தாலும் அதுவும் சரியாகத்தான் வந்தது. ஒரு எழுத்துகூட அவள் பிசகவில்லை.

பதினாறு நாளில் ஒரு நாள்தான் அந்த மாத்திரை போகவேண்டிய மாதிரி போயிருக்கிறது. அன்றைக்குத்தான் அவர் ஐம்பத்துநாலு படி இறங்கி ரோடு வரைக்கும் நடந்து போயிருக்கிறார். மிச்ச நாளெல்லாம், தனக்குப் பிடிக்காத பல்லை வாய்க்குள் மாட்டிக்கொண்டு, கசக்கக் கசக்க, மகள் சொல்லிவிட்டாள் என்பதற்காக மென்றிருக்கிறார். தலை சுற்றுகிறது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். எழுதினபடி போடுங்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். கைப்பைக்குள் அந்தப் பல் இருந்தது. என் அப்பாவை நான்தான் கொன்றேன். இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி அறை வாசலில் வந்து நின்றிருந்தான். அவள் அழுவது கேட்டு வந்திருப்பான்.

"என்னக்கா? இப்பவாவது வாயைத் திறந்தாளா? என்ன அது கையில?"

கவரை வாங்கிப் படித்தான். சத்தமாகவே படித்தான். "மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை. நாள் முழுக்க வேலை செய்யும். சரியாத்தானே எழுதியிருக்கே? மெதுவாக் கரையும், அவ்வளவுதானே. இதுல என்ன இருக்கு?" அவள் பக்கம் திரும்பினான். ஒரு மாசத்துக்கு அப்புறம் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். "இதுகூடவா புரியலை உனக்கு?"

அவள் அவனையும் கவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவா என்று அவள் உதடு அசைந்தது. அந்தச் சொல் அவளுக்குள் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் தப்பித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தம்பியே என் பக்கம் படித்துவிட்டான். நான் சும்மா இருந்தால் போதும். பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும், பெட்டி ஏறும், நான் கடைக்குப் போய் அதே இடத்தில் நிற்பேன், அதே எழுத்தில் எழுதுவேன். படிக்கத் தெரியாதவள் என்ற பேரோடு அவள் போயிருப்பாள், என்னை மறுத்து ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டாள். சும்மா இருப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இல்லடா" என்றேன். "அவ படிச்சதும் சரிதான். மெல்லணும்னு படிச்சா மெல்லணும்னுதான் வரும். நான் எழுதினதுதான் தப்பு. எல்லாருக்கும் குத்துற ஸ்டாம்பை அப்பாவுக்குக் குத்தலை. அந்த மாத்திரையைக் கடிக்கவே கூடாதுடா. கடிச்சா ஒரு நாள் மருந்தும் ஒரே நேரத்துல இறங்கிடும். அதுலதான் தினமும் தலை சுத்தியிருக்கு, அதுலதான் விழுந்திருக்கார். இவ ரெண்டு மாத்திரை எதுவும் கொடுக்கலை. கணக்குச் சரியா இருக்கு. நான்தான் உன்கிட்ட இல்லாததைச் சொன்னேன்."

தம்பி கவரை மறுபடி படித்தான். இந்தத் தடவை சத்தமில்லாமல். அவன் முகம் மாறியது. என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. கவரைக் கட்டிலில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். பெட்டியைத் தூக்கி உள்ளறைக்குள் கொண்டுபோய் வைக்கிற சத்தம் கேட்டது. போனில் யாரிடமோ வண்டி வேண்டாம் என்று சொன்னான்.

அவள் அசையவில்லை. பெட்டி உள்ளே போனதை அவள் பார்த்ததாகத் தெரியவில்லை.

"உன் மேல எந்தத் தப்பும் இல்லம்மா" என்றேன். அவளை நான் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என்னை என்ன வேணாலும் சொல்லு."

"அப்ப அந்த ஒரு நாள்தான் சரியா, அண்ணி?"

"ஆமா."

"மத்த பதினஞ்சு நாளும்?"

கட்டிலில் கிடந்த கவரை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"மாமா முகத்தைச் சுளிப்பார் அண்ணி. போதும்மான்னு கையைக் காட்டுவார். நான் விடமாட்டேன். இன்னும் பத்து இருக்கு மாமா, இன்னும் அஞ்சு இருக்கு மாமான்னு நிப்பேன்." அவள் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தபோது நிறுத்தச் சொல்ல நேரமில்லை.

"நானூத்தி எண்பது தடவை, அண்ணி" என்றாள்.